பழைய உடம்பு, புதுப் பட்டன்

கேள்வி: சார், என்னிடம் இருப்பது பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். வேலைக்குப் போகவும் அதேதான், லீவு விட்டால் சேறு, பாறை, மணல் என்று இறங்கவும் அதேதான். நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. சேற்றுக்கென்றே வரும் புது மட் டயர் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ரீட்ரெட் செய்த, அதாவது பழைய டயர் மேல் புது ரப்பர் ஏற்றிய மட் டயர் மலிவாகக் கிடைக்கிறது, பார்க்கவும் புதுசு மாதிரியே இருக்கிறது. நண்பர்களில் பாதிப் பேர் ‘உரிந்து வந்துவிடும், தொடாதே’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘லாரியெல்லாம் அதில்தானே ஓடுகிறது’ என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. லாரி என்ன, விமானத்திலேயே ரீட்ரெட் டயர் உண்டு. பயணிகள் விமானங்களில் ஒரே டயருக்குப் பல முறை புதுப் பட்டன் (தரையைத் தொடுகிற மேல் ரப்பர்) ஏற்றி ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு டயருக்கும் ஜாதகம் எழுதி வைத்திருப்பார்கள். உங்களுக்குக் கிடைக்கிற மலிவு டயர் முன்பு யார் வண்டியில் இருந்தது, எவ்வளவு பாரம் சுமந்தது, எத்தனை நாள் காற்று இல்லாமல் தடவிக்கொண்டு ஓடியது என்பதெல்லாம் விற்கிறவருக்கே தெரியாது.

ரீட்ரெட் என்றால் தேய்ந்த பட்டனை மெஷினில் சீவி எடுத்து, அடியில் இருக்கும் டயர் உடம்பான கேசிங்கைச் சோதித்து, ஆணி ஓட்டைகளைச் சரிசெய்து, மேலே புது ரப்பரை வைத்துச் சூட்டில் வேகவைப்பது. உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட், நூல் அடுக்கு, ரிம்மைக் கவ்வும் பீடு எல்லாம் பழசுதான். சில ஆலைகளில் டயரின் பக்கச் சுவரான சைடுவாலுக்கும் மெல்லிசாகப் புது ரப்பர் பூசி அச்சில் வைத்து எடுப்பார்கள், அதனால்தான் உங்கள் கண்ணுக்குப் புதுசு மாதிரி தெரிகிறது. பழைய வெடிப்பும் அந்தப் பூச்சுக்கு அடியில் போய்விடும், பழைய தேதியும் போய்விடும்.

சரி, சேற்றுக்கும் பாறைக்கும் வருவோம். கூரான கல்லில் சைடுவால் கிழிவது புது டயருக்கும் நடக்கும். சேற்றில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது பட்டன் கொஞ்சம் பெயர்ந்தால் பெரும்பாலும் நஷ்டம் பர்ஸுக்குத்தான். எனக்குப் பயம் சேற்றிலிருந்து வெளியே வந்து தார் ரோடு ஏறுகிற அந்த நேரத்தில். மணலில் இறங்குவதற்காக 15, 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கியிருப்போம், இருட்டிவிட்டது, பசிக்கிறது, பம்பை எடுக்கச் சோம்பல், அப்படியே 80, 90 என்று விரட்டுவோம். காற்று குறைந்த டயரின் சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடங்கலில்தான் சூடு ஏறுகிறது. மட் டயரின் பட்டன் கட்டைகள் வேறு ஆழமானவை, கனமானவை. அத்தனை ரப்பரைத் தாண்டிச் சூடு சீக்கிரம் வெளியேறாது. அந்தச் சூடு முதலில் பதம் பார்ப்பது பெல்ட்டின் ஓரத்தையும், புது ரப்பரும் பழைய கேசிங்கும் ஒட்டியிருக்கும் இடத்தையும்தான்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். முதலில் சீட்டுக்கடியில் ஒரு சின்ன நடுக்கம். ரிம்மில் சேறு ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன் (மட் டயர் போட்டவன் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான்). பத்து நிமிடம் போயிருக்காது, பின்பக்கம் தப், தப் என்று யாரோ அறைகிற மாதிரி சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டன் பெயர்ந்து, அறுந்த செருப்பு மாதிரி தொங்குகிறது. டயரில் காற்று அப்படியே இருக்கிறது. பெயர்ந்த துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினேன், வழுவழுவென்று இருந்தது. ஒழுங்காக ஒட்டிய ரப்பர் பெயர்ந்தால் கேசிங் ரப்பரையும் பிய்த்துக்கொண்டு சொரசொரப்பாக வரும். வழுவழுப்பாக வந்தால் சீவலிலோ பசையிலோ வேக்காட்டிலோ குறை இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் அந்தத் தோல் சுழன்றடித்துப் பிரேக் ஹோஸைப் பிடுங்கியிருக்கும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: காட்டுக்குள்ளேயே கிடக்கிற, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டி என்றால் நல்ல ஆலையின் ரீட்ரெட்டைத் தாராளமாகப் போடுங்கள். அதே வண்டியில்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்றால், ஜாதகம் தெரியாத மலிவு ரீட்ரெட் வேண்டாம். அந்தப் பணத்துக்குப் ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான, பட்டன் ஆழம் குறைந்த புது ஆல் டெரெய்ன் டயர் வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். சேற்றில் நாலு முறை சிக்குவீர்கள், கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ரோட்டோரம் டயர்த் தோல் தோலாகக் கிடக்கிறதே, அதெல்லாம் ரீட்ரெட்தானே?

பதில்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளில் கிடந்த லாரி டயர் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஆராய்ந்து 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் புது டயரின் துண்டுகளும் நிறைய இருந்தன. குத்திக் கிழித்த பொருட்களும், காற்றுக் குறைவும், அதனால் ஏறிய சூடும்தான் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. ஆனால் அது லாரி டயர் கணக்கு. லாரி கேசிங்கே மறுபடி பட்டன் ஏற்றுவதை மனதில் வைத்துச் செய்யப்படுவது. சாதாரண கார் டயர் கேசிங் அப்படியில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் லாரியை உதாரணம் காட்டி விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை.

கேள்வி: ரீட்ரெட்டில் ஹாட், கோல்ட் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: ஹாட் என்றால் வேகாத ரப்பரை வைத்து அச்சுக்குள் சுமார் 150 டிகிரியில் வேகவைத்துப் பட்டனையும் அங்கேயே பதிப்பது. கோல்ட் என்றால் ஏற்கெனவே பட்டன் பதித்து வெந்த பட்டையை, இடையில் மெல்லிய ஒட்டு ரப்பர் வைத்துச் சுற்றி, சுமார் 100 டிகிரியில் ஒட்டவைப்பது. பேர்தான் கோல்ட், கை வைத்தால் வெந்துபோகும். இரண்டிலும் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கேசிங்கைப் பாருங்கள்.

கேள்வி: கடையில் டயரைக் கையில் எடுத்ததும் என்ன பார்க்க வேண்டும்? முன்னால் புதுசு, பின்னால் ரீட்ரெட் என்று கலந்து போடலாமா?

பதில்: முதலில் உள்ளே கையை விடுங்கள். எல்லாரும் வெளியே பட்டனை நகத்தால் கீறிப் பார்க்கிறார்கள், விஷயம் உள்ளேதான் இருக்கிறது. உள்பக்கச் சைடுவாலை ஒரு சுற்று விரலால் தடவுங்கள். வட்டமாகச் சுருக்கம் விழுந்திருந்தாலோ, கறுப்புத் தூள் கையில் வந்தாலோ அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேட்ச் எங்கே என்று பாருங்கள், சைடுவால் பக்கம் இருந்தால் வேண்டாம். அப்புறம் வெளியே: பழைய சைடுவால் மறைக்கப்படாமல் இருந்தால் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் பிறந்த கேசிங். பாரக் குறியீடும் வேகக் குறியீடும் உங்கள் வண்டிக்குச் சொன்னதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கார் கேசிங் மேல் முரட்டு மட் பட்டனை ஏற்றி ஜீப் டயர் என்று விற்பதும் நடக்கிறது. கடைசியாக, பட்டன் ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் வேறு பரிசோதனையே வேண்டாம்.

கலந்து போடுவது பற்றி: முன் சக்கரத்தில் ரீட்ரெட் பெயர்ந்தால் ஸ்டீயரிங் கட்டுப்பாடும் கூடவே போகும். அமெரிக்காவில் பயணிகள் பேருந்தின் முன் சக்கரங்களில் ரீட்ரெட் போடச் சட்டமே இடம் தருவதில்லை. எனவே ரீட்ரெட் பின்னால் என்பது பழைய வழக்கம். ஆனால் பின்டயர் பெயர்ந்தாலும் வண்டி சுழலும், அதை மறந்துவிட வேண்டாம். ஃபோர் வீல் டிரைவில் இன்னொரு சங்கடம் உண்டு. ரீட்ரெட்டில் நான்கு கேசிங்கும் நான்கு கம்பெனியாக இருக்கலாம், சுற்றளவு ஒன்றுபோல் வராது. டேப் வைத்துச் சுற்றி அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் வித்தியாசம் இருக்கும்போது கெட்டித் தரையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டினால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும், டயரில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

கேள்வி: நான் ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: பரவாயில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி நான்கு டயரையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். புதிதாக ஒரு நடுக்கமோ சைடுவாலில் புடைப்போ வந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். நல்ல புது டயர் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியிலேயே காற்றுப் பம்பும் கேஜும் இருக்கட்டும், தார் ரோடு ஏறுமுன் காற்றை ஏற்றிவிட்டுத்தான் ஏறுங்கள், எவ்வளவு பசித்தாலும் சரி. அடுத்த முறை யாரோ கழித்த டயரை வாங்காமல், உங்கள் வண்டியில் தேய்ந்ததையே பெல்ட் தெரியும் அளவுக்கு விடாமல் முன்னதாகக் கழற்றி ஆலைக்குக் கொடுத்துப் பட்டன் ஏற்றித் தரச் சொல்லுங்கள். ‘இது தேறாது’ என்று அதில் ஒன்றைத் திருப்பித் தருகிற ஆலையாக இருந்தால் மீதி மூன்றையும் அவர்களிடமே கொடுங்கள்.