காய்ச்சலுக்கு எந்த வரிசை?

கேள்வி: திருநங்கைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச ஆபரேஷன், நல வாரியம், ஐந்து லட்சத்துக்கு இன்சூரன்ஸ் என்று எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் மருத்துவ வசதி இல்லை என்று புலம்புவது ஏன்? என் வரிப்பணத்தில் இந்த ஆபரேஷன் எதற்கு? இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம்தானே, நல்ல கவுன்சிலிங் கொடுத்தால் சரியாகாதா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: மூன்று கேள்வியை ஒரே கார்டில் அடக்கிவிட்டீர்கள், சிக்கனக்காரர்தான். வரிப்பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்கு அதிக நேரம் வேண்டாம். திருநங்கை வாங்கும் சோப்புக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, செல்போன் ரீசார்ஜுக்கும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது அரசு ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்துக்கொண்டிருந்தால் அதில் அவர் காசும் இருக்கிறது. அவர் இதுவரை கணக்குக் கேட்டு எனக்குக் கார்டு போடவில்லை.

சரி, கொடுத்த கதைக்கு வருவோம். கொடுத்தது உண்மை, அதை நான் மறுக்கவே இல்லை. 2008-ல் தமிழ்நாடு நல வாரியம் அமைத்தபோது நாட்டில் வேறு எந்த மாநிலமும் அதை யோசித்திருக்கவில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கத்திலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்று ஒப்பந்தம் போட்டது. ஆனால் நீங்கள் சொன்ன பட்டியலைத் திரும்பப் படியுங்கள். ஆபரேஷன் இருக்கிறது, ஆபரேஷனுக்குப் பணம் இருக்கிறது. காய்ச்சல் எங்கே?

நாலைந்து வருஷம் முன்னால் விடாத இருமலோடு ஒரு அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு திருநங்கை, மூன்று நாள் காய்ச்சலாம், சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் ஆதாரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார். அப்புறம் அதில் இருந்த பழைய பெயரை, ஆண் பெயரை, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்து "இதுதானே நீ?" என்றார். ஆண் என்று அடித்துச் சீட்டைக் கொடுத்தார், ஆண்கள் வரிசைக்குப் போகச் சொன்னார். அவர் போய் நின்றதும் முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி இடைவெளி விழுந்தது, அவ்வளவு நெரிசலிலும்.

ஓ.பி. அறையில் மறைப்பு என்று எதுவும் இல்லை, நான் அடுத்த ஸ்டூலில் இருந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணியாச்சா?" அடுத்தது எங்கே பண்ணினாய், எவ்வளவு செலவு. காய்ச்சல் எத்தனை நாளாக என்பது நாலாவதாக வந்தது. நடுவில் இரண்டு ஹவுஸ் சர்ஜன்களைக் கையசைத்துக் கூப்பிட்டார், அவர்களும் வந்து பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பாராசிட்டமால் எழுதினார், ரத்தப் பரிசோதனையும் எழுதினார், எச்.ஐ.வி.க்கு. டெங்கு சீசன் அது.

அந்த டாக்டரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? 2019-ல் வந்த திருநர் சட்டத்தின் 15-வது பிரிவுதான் மருத்துவ வசதி பற்றிப் பேசுகிறது. அதன் முதல் வரியே தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையம்தான். ஹார்மோன், அறுவை, காப்பீடு எல்லாம் அதற்கு அப்புறம். எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, 2021 கண்காணிப்புக் கணக்கில் நாட்டின் பொதுவான அளவு சுமார் 0.2 சதவிகிதம் என்றால் இவர்களிடையே 3.8 சதவிகிதத்தை ஒட்டி இருக்கிறது, ஆகவே கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு மனுஷி எந்த வலியோடு உள்ளே வந்தாலும் அந்த ஒரே கண்ணாடியைப் போட்டுத்தான் பார்ப்பது என்றால் சர்க்கரையை யார் பார்ப்பது, பிரஷரை யார் பார்ப்பது? (2017-ன் ரத்த தான வழிகாட்டுதல் இன்னொரு கூத்து. திருநர் என்றாலே நிரந்தரமாக ரத்தம் கொடுக்கக் கூடாது என்றது. ஆள் எப்படி வாழ்கிறார், பரிசோதனை என்ன சொல்கிறது என்ற கேள்வியே கிடையாது. அதை எதிர்த்து 2021-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.)

அடுத்து, ஆபரேஷன் எதற்கு என்றீர்கள். அழகுக்கு என்று நினைத்துவிட்டீர்கள் போல. அரசு செய்யாத காலத்திலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. நிர்வாணம் என்பார்கள். தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை ஒருவர் மயக்க மருந்து இல்லாமல் உறுப்பைக் கத்தியால் வெட்டுவார், ரத்தம் நின்று பிழைத்தால் நாற்பது நாள் கழித்துச் சடங்கு, நிற்காமல் போனவர்களுக்குக் கணக்கு இல்லை. பிழைத்தவர்களிலும் பலருக்குச் சிறுநீர்த் துவாரம் சுருங்கிப்போய் ஆயுசு முழுக்க அவஸ்தை. உங்கள் வரிப்பணம் அந்தக் கத்திக்குப் பதிலாகத்தான் போகிறது.

ஆனால் ஆபரேஷன் ஒரு நாள் சமாச்சாரம், அதற்கு அப்புறம் நாற்பது ஐம்பது வருஷம் அந்த உடம்போடு வாழ வேண்டும். விரையை எடுத்துவிட்டால் ஆண் ஹார்மோன் ஏறக்குறைய நின்றுவிடும். வெளியிலிருந்து பெண் ஹார்மோனும் ஒழுங்காகப் போகவில்லை என்றால் எலும்பு கரையத் தொடங்கும். இதைச் சொல்லி அனுப்புகிற ஆள் எத்தனை ஊரில் உண்டு? மாவட்டத் தலைநகரில் ஹார்மோன் டாக்டர் கிடைப்பதே அபூர்வம். அதனால் முன்னாடி மாறிய அக்கா எதைச் சாப்பிட்டாரோ அதுதான் மருந்து, அவர் சொன்னதுதான் டோஸ். மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை அட்டையை வாங்கி, ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள், சீக்கிரம் மாறிவிடலாம் என்று. அந்த மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் வகை ரத்தத்தை உறைய வைக்கும், டோஸ் ஏற ஏற ஆபத்தும் ஏறும், சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பார்கள். உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆள் போச்சு. இதற்கு 5 லட்சம் இன்சூரன்ஸ் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் முகம் சுளிக்காமல் சீட்டு எழுதும் ஒரு டாக்டரும் போதும்.

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகள் கதை இதைவிட மோசம், அவர்கள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுத் தாடி வளர்ந்துவிட்டது, கர்ப்பப்பை உள்ளேயே இருக்கிறது. அடிவயிற்றில் வலி என்றால் மகளிர் நோய்ப் பிரிவு வாசலில் போய் நிற்க வேண்டும். வாட்ச்மேன் "சார், இது லேடீஸ் ஓ.பி." என்பார். அப்படியே திரும்பிவிடுகிறவர்தான் அதிகம். திருநங்கைக்கு அறுவைக்குப் பிறகும் ஆண் உடம்பின் புராஸ்டேட் சுரப்பி உள்ளே இருக்கிறது, அதை நினைத்துப் பார்க்கும் டாக்டரையும் தேடத்தான் வேண்டும்.

அறுவை சரியாக வராமல் போனால்? கேரளாவின் முதல் திருநங்கை ரேடியோ ஜாக்கி அனன்யா குமாரி அலெக்ஸ், 2020-ல் அறுவை செய்துகொண்டவர், ஒரு வருஷம் கழித்தும் வலி, நேராக நிற்க முடியவில்லை, சிகிச்சையில் தவறு என்று வெளிப்படையாகவே பேசினார். மருத்துவமனை மறுத்தது. 2021 ஜூலையில் கொச்சியில் வீட்டில் இறந்து கிடந்தார். பணம் கட்டித் தனியாரில் செய்துகொண்டவர், நாலு பேர் அறிந்த முகம், அவருக்கே இந்த நிலை.

கடைசியாக உங்கள் கவுன்சிலிங். உலக சுகாதார நிறுவனம் திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, புதிய பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தாயிற்று. ஆளை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடுத்தது, அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டது. (இதே ஆணையம் 2024-ல் எம்.பி.பி.எஸ். பாடத்தில் தன்பாலின உறவைக் குற்றமாகச் சொல்லும் பழைய குப்பையைத் திரும்ப நுழைத்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் வாபஸ் வாங்கியது. ஹவுஸ் சர்ஜன்கள் வந்து பார்த்துவிட்டுப் போவது எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?) அந்த 2021 வழக்கு வீட்டை விட்டு ஓடிவந்த இரண்டு பெண்களுடையது. விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் எனக்கே சரியாகப் புரியவில்லை என்று உத்தரவிலேயே எழுதிவிட்டு, தீர்ப்புக்கு முன்னால் ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆக, கவுன்சிலிங் வேலை செய்கிறது சார், போனது மட்டும் நீங்கள் நினைத்த ஆள் இல்லை.