சர்க்கரை நோயுள்ள பூனைக்கு எந்தக் கருவி?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு 11 வயது, கருத்தடை செய்த ஆண். அதற்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சென்ற மாதம் கண்டறிந்து, காலையும் மாலையும் 1 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடச் சொன்னார்கள். வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்து வரும்படியும் மருத்துவர் கூறினார். என் மாமனாருக்கும் சர்க்கரை உண்டு என்பதால் அவருடைய குளுக்கோமீட்டரிலேயே பார்த்தேன், 212 காட்டியது. அன்று காலையில்தான் மருத்துவமனையில் 290 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கருவி பழுதா? பூனைக்கென்றே விற்கும் கருவியைத்தான் வாங்க வேண்டுமா?

— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் மாமனாரின் கருவி பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது மனித இரத்தத்துக்காகக் கணக்கிடப்பட்ட கருவி. மனித இரத்தத்தில் உள்ள குளுக்கோஸில் ஏறத்தாழ 58 சதவீதம் பிளாஸ்மா எனும் இரத்த நீர்மத்திலும் 42 சதவீதம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனையிலோ 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே இருந்து, சிவப்பணுக்களில் 7 சதவீதம் மட்டுமே தங்குகிறது. இந்தப் பகிர்வை அறியாத கருவி, பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். இது போக, மனிதர்களுக்கான கருவிகளுக்கே ஐஎஸ்ஓ 15197 என்ற தர விதி, அளவு 100-க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்ட இடம் தருகிறது. அதாவது உண்மை அளவு 200 என்றால், 170 காட்டினாலும் 230 காட்டினாலும் கருவி விதிக்கு உட்பட்டதே.

மருத்துவமனையில் பார்த்த 290-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் யானைகவுனி நெரிசலைக் கடந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ வேறு எங்கோ கொண்டுபோன பூனை, அங்கே நாய்களின் குரைப்புக்கு நடுவில் காத்திருந்தால், பயத்திலேயே அதன் சர்க்கரை வெகுவாக ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூடப் பயத்தில் 300-ஐத் தொடுவது உண்டு. வீட்டில் பார்க்கச் சொல்வதே இதனால்தான்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். பூனைக்கும் நாய்க்கும் என்றே கணக்கிடப்பட்ட ஆல்ஃபாட்ராக் போன்ற கருவிகள் பூனையின் உண்மை அளவுக்கு அதிகம் நெருங்கி வருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவியை ஒரு முறை வாங்கினால் போதும். இரத்தத் துளியைத் தொட்டுக் கருவியில் செருகிப் பார்க்கும் ஸ்ட்ரிப்பைத்தான் மாதந்தோறும் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு ஒரு முறை பார்த்தாலே மாதத்துக்கு 60 ஸ்ட்ரிப் ஆகிவிடும். மருத்துவர் கேட்கும்போது 12 மணி நேரத்துக்கு 2 மணி நேர இடைவெளியில் பார்க்கும் நாளில் 7 செலவாகும். இரத்தம் போதாமல் வீணாவது தனிக் கணக்கு. எனவே பூனைக்கான கருவியை இறக்குமதி செய்து விற்பவரிடம், அதன் ஸ்ட்ரிப் எந்த மாதமும் தட்டின்றிக் கிடைக்குமா என்பதை முதலில் கேளுங்கள். உறுதியான பதில் வந்தால் வாங்கலாம். அப்போது பூனை என்பதைக் கருவியில் சரியாகத் தேர்ந்திருக்கிறோமா என்றும், அது எந்த அலகில் காட்டுகிறது என்றும் பாருங்கள். சில வெளிநாட்டுக் கருவிகள் மில்லிமோல் அலகில் காட்டும், அதை 18-ஆல் பெருக்கினால்தான் நமக்குப் பழக்கமான மில்லிகிராம் கணக்கு கிடைக்கும்.

பதில் மழுப்பலாக இருந்தால், வீட்டுக்கு அருகே உள்ள மருந்துக் கடையில் என்றும் கிடைக்கும் மனிதர் கருவியே மேல் என்பது என் கருத்து. அதில் நீங்கள் பார்க்க வேண்டியது இரத்தத்தின் அளவு. பூனையின் காதில் கிடைப்பது கடுகளவு துளிதான். அக்யூ-செக் இன்ஸ்டன்ட், கான்டூர் பிளஸ் போன்றவற்றுக்கு 0.6 மைக்ரோலிட்டர் போதும். 1 மைக்ரோலிட்டரோ அதற்கு மேலோ கேட்கும் கருவிகளை ஒதுக்கிவிடுங்கள். முதல் துளி போதவில்லை என்றால் சில விநாடிகளுக்குள் அதே ஸ்ட்ரிப்பில் மேலும் இரத்தம் சேர்க்க விடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. புளூடூத், செல்போன் செயலி ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு 80 பக்க நோட்டு போதும்.

எதை வாங்கினாலும் அதை மாற்றாதீர்கள். இன்று மாமனார் கருவி, நாளை புதியது, மறுநாள் பூனைக்கானது என்று மாற்றினால், ஏறியது சர்க்கரையா அல்லது மாறியது கருவியா என்று யாருக்கும் தெரியாது. குறிப்பாக, மனிதர் கருவியிலிருந்து பூனைக் கருவிக்கு மாறினால் எண்கள் திடீரென உயரும். அதைக் கண்டு இன்சுலினைக் கூட்டுவது பூனையின் உயிருக்கே ஆபத்து. நோட்டின் முதல் பக்கத்தில் கருவியின் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த முறை ஆய்வகத்துக்கு இரத்தம் எடுக்கும்போது கருவியையும் எடுத்துச் சென்று, அதே இரத்தத்தில் ஒரு துளியை உங்கள் ஸ்ட்ரிப்பில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மருத்துவருக்குத் தெரிந்துவிட்டால், உங்கள் எண்களை வைத்தே அவர் மருந்தின் அளவை முடிவு செய்யலாம். பொதுவாக, நாளின் மிகக் குறைந்த அளவு 80 முதல் 150-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் கருவிக்கு அது எந்த எண் என்பதை அவரே குறித்துத் தரட்டும். இரத்தசோகை உள்ள பூனைக்குக் கருவி கூடுதலாகக் காட்டும் என்பதால், வயதான பூனையில் அதையும் அவர் கவனிப்பார்.

மாமனாரின் கருவியை அவரிடமே விட்டுவிடுங்கள். பூனையின் அளவுகள் அதன் நினைவகத்தில் சேர்ந்தால், அடுத்த முறை அவருடைய மருத்துவர் சராசரியைப் பார்த்து அவரைத்தான் கடிந்துகொள்வார்.

காதில் குத்துவதற்குச் சிறிது பழக்கம் வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதின்மேல் அரை நிமிடம் வைத்தால் இரத்த ஓட்டம் கூடும். காதின் வெளி விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்க்கும் விளிம்புக்கும் இடையே, வாசலின் மிக லேசாகத் தடவி, பின்புறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டு குத்துங்கள். வாசலின் இருப்பதால் இரத்தம் முடியில் பரவாமல் உருண்டு நிற்கும். ஸ்ட்ரிப்பின் நுனி அந்தத் துளியைத் தொட்டதும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் பஞ்சால் சில விநாடிகள் அழுத்திவிட்டு, அவித்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுங்கள். சில நாட்களில் ஸ்ட்ரிப் டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் அதுவே வந்து உட்காரும்.

அந்த டப்பாவை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிதான் உச்ச வரம்பு. கத்திரி வெயிலில் நம் பகுதியின் ஓட்டு வீடுகளும் மொட்டை மாடி அறைகளும் அதை எளிதில் தாண்டிவிடும். கடற்காற்றின் ஈரமும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். குளிர்சாதனப் பெட்டி இதற்குத் தீர்வல்ல. வெளியே எடுத்ததும் ஈரம் படியும். அடுப்பங்கரையிலிருந்து தள்ளி நிழலான அலமாரியில் வைத்து, ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை உடனே அழுத்தி மூடுங்கள்.

கேள்வி: தோளில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரைப் பூனைக்கும் வைக்கலாமா? குத்தும் வேலையே இல்லை என்கிறார்களே?

— வாசகர், திருவொற்றியூர்

பதில்: வைக்கலாம். ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற அந்தச் சென்சாரைக் கால்நடை மருத்துவர்கள் பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். முடியை மழித்து மருத்துவரே ஒட்டுவார். மனிதர்களுக்கு அது 14 நாள் உழைக்கும். பூனை தேய்த்தும் நக்கியும் அதற்கு முன்பே கழற்றிவிடுவது உண்டு. அது இரத்தத்தை அளப்பதில்லை. தோலடி நீரில் உள்ள சர்க்கரையை அளப்பதால், சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சற்றுப் பின்தங்கியே காட்டும். முதல் தலைமுறை லிப்ரேயை 8 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஸ்கேன் செய்ய வேண்டும். தவறினால் இடைப்பட்ட அளவுகள் விடுபட்டுப் போகும். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் தொடக்க வாரங்களில் இது மிகவும் உதவும். ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கச் செலவு தாங்காது. மிகக் குறைந்த அளவு காட்டினால் காதில் ஒரு துளி எடுத்துச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், கருவி எப்படியும் வீட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி: நேற்று எங்கள் பூனைக்குக் கருவி எண்ணே காட்டாமல் ‘லோ’ என்று காட்டியது. பூனை நன்றாகத்தான் நடந்தது. கருவியின் தவறு என்று விட்டுவிடலாமா?

— வாசகி, பெரம்பூர்

பதில்: விட்டுவிடக் கூடாது. கருவி எண்ணாகக் காட்ட முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்பதே ‘லோ’வின் பொருள். உடனே புதிய ஸ்ட்ரிப்பில் மறுபடியும் பாருங்கள். மறுபடியும் அப்படியே காட்டினால், பூனை நன்றாக நடந்தாலும் உணவு கொடுத்து, அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரை அழையுங்கள். தள்ளாட்டமோ நடுக்கமோ இருந்தால் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மயங்கிய பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

மருந்து கூடிப்போயிருக்குமா என்று ஊசிக் குழலையும் பாருங்கள். நம் நாட்டில் சாதாரண இன்சுலின் புட்டிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். கிளார்ஜினோ 100 யூனிட். சிவப்பு மூடி போட்ட 40-க்கான குழலில் கிளார்ஜினை 1 கோடு எடுத்தால் பூனைக்கு இரண்டரை யூனிட் போய்விடும். கிளார்ஜினுக்கு ஆரஞ்சு மூடி போட்ட 100-க்கான குழலையே கேட்டு வாங்குங்கள்.