கோரஸ் குரல் எங்கே போனது?

மேடை ஒலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். முன்பே பதிவு செய்த கோரஸும் தாளமும் லேப்டாப்பில் ஓடும். போன நிகழ்ச்சியில் லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே வயரை எடுத்து, மறுமுனையில் இருந்த கேனன் பின்னை (மைக் வயரில் இருக்கும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பின்) நேராக மிக்சர் லைனில் செருகினோம். தாளம் கேட்டது, குரலின் எதிரொலி மாதிரி ஏதோ கேட்டது, கோரஸ் குரல் மட்டும் வரவே இல்லை. சார்ஜர் போட்டால் ‘ங்ங்’ என்று இரைச்சல். கீபோர்டின் இரண்டு அவுட்டையும் ஒய் வயரால் ஒன்றாக்கிக் கொடுத்தோம். பியானோ டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்துவிட்டது. ஒத்திகையில் ஹெட்போனில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எங்கே தவறு?
– கீபோர்டு கலைஞர் ஒருவர்

பதில்: மூன்றுமே வயரில் நடந்த தவறுகள். கீபோர்டிலும் லேப்டாப்பிலும் எந்தக் குறையும் இல்லை, அவற்றை மாற்ற நினைக்காதீர்கள்.

குரல் காணாமல் போனதிலிருந்து தொடங்குகிறேன். நான் மிக்சர் பிடிக்க ஆரம்பித்த இரண்டாவது வருடம், குழந்தைகள் நடன நிகழ்ச்சி ஒன்றில் இதே வயர், இதே கோளாறு. பாட்டின் முதல் வரி வந்ததும் ஆட வேண்டிய பிள்ளைகள், அந்த வரி வராததால் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார்கள். நான் ஈக்வலைசரின் ஒவ்வொரு குமிழாகத் திருகிக் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். மிக்சருக்கு வந்தே சேராத குரலை எந்தக் குமிழ் கொண்டுவரும்? அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

லேப்டாப்பின் 3.5 மி.மீ. பின்னில் மூன்று தொடுமுனைகள்: நுனியில் இடது சேனல், நடு வளையத்தில் வலது சேனல், அடியில் எர்த். கேனனிலும் மூன்று பின்கள்தான்: 1 எர்த், 2 சிக்னல், 3 அதே சிக்னல் தலைகீழாக. மிக்சர் செய்யும் வேலை 2-லிருந்து 3-ஐக் கழிப்பது. நீண்ட வயரில் வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். கழித்தால் அது போய்விடும், சிக்னல் மட்டும் நிற்கும். பேலன்ஸ்டு லைன் என்பது இவ்வளவுதான். உங்கள் வயரோ 2-ல் இடது சேனலையும் 3-ல் வலது சேனலையும் கொண்டுபோய்க் கொடுத்தது. மிக்சர் வழக்கம்போலக் கழித்தது. பாட்டுப் பதிவில் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள், அதாவது இடதிலும் வலதிலும் ஒரே அளவு. ஒன்றிலிருந்து அதையே கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. எதிரொலி இரு பக்கமும் வெவ்வேறாக இருப்பதால் அது தப்பித்தது. நீங்கள் கேட்ட ‘ஏதோ’ அதுதான்.

நிகழ்ச்சி நடுவில் இந்த வயர் மட்டுமே கையில் இருந்தால், லேப்டாப்பின் ஒலி அமைப்பில் பேலன்ஸை முழுவதும் இடப்பக்கம் தள்ளுங்கள். குரல் திரும்பிவிடும். வலது பக்கத்தில் மட்டும் இருக்கும் வாத்தியங்கள் போகும், பரவாயில்லை. மோனோவாக மாற்றினால் சரியாகும் என்று நினைத்து அதை அமுக்கிவிடாதீர்கள். இரண்டும் ஒன்றாகி, பாட்டு மொத்தமும் அடங்கிவிடும். அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (சில மைக்குகளுக்காக மிக்சர் வயர் வழியாக அனுப்பும் மின்சாரம்) ஆனாகி இருந்தால் உடனே அணையுங்கள். அந்த மின்சாரம் நேராக லேப்டாப்பின் ஹெட்போன் அவுட்டுக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடலாம்.

நிரந்தரமான வழி டிஐ பாக்ஸ், அதாவது சாதாரண சிக்னலைப் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றித் தரும் சிறு பெட்டி. 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் வயர் எடுங்கள், நம் ஆட்கள் பி-38 என்று சொல்கிற 6.35 மி.மீ. ஜாக். இடது ஒரு டிஐ, வலது ஒரு டிஐ. அல்லது இரண்டு சேனல் உள்ள ஒரே பெட்டி. அங்கிருந்து இரண்டு கேனன் வயர் மிக்சருக்கு. லேப்டாப்பிலிருந்து டிஐ வரை வயர் குட்டையாக இருக்கட்டும், இரண்டு மூன்று மீட்டர் போதும். டிஐயைத் தாண்டிவிட்டால் 50 மீட்டர் ஓடினாலும் கவலை இல்லை.

லேப்டாப்புக்கும் கீபோர்டுக்கும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பேசிவ் டிஐயைத்தான் நான் விரும்புவேன். அதற்குக் கரன்ட் வேண்டாம். அதைவிட முக்கியம், சிக்னல் அதில் காந்தப்புலம் வழியாகத்தான் மறுபக்கம் போகிறது; இரு பக்கச் சுருள்களுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. உங்கள் ‘ங்ங்’ சத்தத்துக்கும் அதுவே மருந்து. சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால், லேப்டாப் ஒரு வழியிலும் மிக்சர் இன்னொரு வழியிலும் எர்த் ஆகி, இரண்டுக்கும் நடுவே ஆடியோ வயரின் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். டிஐயில் எர்த் தொடர்பைத் துண்டிக்க உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளுங்கள். கீபோர்டு, லேப்டாப் இரண்டுக்கும் மிக்சருக்குக் கரன்ட் வரும் அதே லைனிலிருந்து பிளக் எடுத்தால் இன்னும் நல்லது.

இரைச்சலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். உதட்டை ஒட்டி மைக் பிடித்துப் பாடுபவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

இனி பியானோ. ஸ்டீரியோ பியானோ ஒலியின் இரு பக்கங்களையும் ஒன்றாகக் கலந்தால் சில அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மெலிந்த சத்தம் அதனால்தான். தவிர, இரண்டு அவுட்டை ஒய் வயரால் முடிச்சுப் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தள்ளப் பார்க்கும், அந்தச் சுற்றுகளுக்கு அது நல்லதில்லை. மிக்சரில் இரண்டு சேனல் கிடைத்தால் இரண்டு டிஐ வழியாகத் தனித்தனியே கொடுங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ‘எல்/மோனோ’ என்று எழுதிய துளையில் மட்டும் செருகி, வலது துளையைக் காலியாக விடுங்கள். வலதில் எதுவும் இல்லை என்று தெரிந்து பெரும்பாலான கீபோர்டுகள் தாங்களே முறையாகக் கலந்து தரும். மோனோ பியானோ டோன் ஒன்று உங்கள் கீபோர்டில் இருந்தால் அதையே எடுங்கள், கூட்டு வாசிப்பில் அது தெளிவாக நிற்கும்.

கேள்வி: கீபோர்டிலிருந்து லேப்டாப்புக்கு யூஎஸ்பி வயர் போட்டிருக்கிறேன். கீபோர்டு சத்தம் அதன் வழியாகவே லேப்டாப்புக்கு வந்துவிடாதா? தனி வயர் எதற்கு?
– வாசகி ஒருவர்

பதில்: பெரும்பாலான கீபோர்டுகளில் வராது. அந்த வயரில் போவது மிடி. எந்தக் கட்டையை அமுக்கினீர்கள், எவ்வளவு வேகமாக (0 முதல் 127 வரை ஓர் எண்), எப்போது விட்டீர்கள் என்ற தகவல் மட்டும்தான். 1983-ல் வந்த முறை, இன்றும் பெரும்பாலும் அதேதான். யூஎஸ்பியில் ஒலியையும் அனுப்பும் கீபோர்டுகள் சில உண்டு. உங்களுடையது அப்படியா என்று அதன் கையேட்டில் பாருங்கள்.

லேப்டாப் மென்பொருளில் உள்ள டோனை வாசிக்கத்தான் இந்த வயர் என்றால், ஒலி பிறக்கும் இடம் லேப்டாப். அப்போது ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு வெளியே மாட்டும் ஒலிப்பெட்டி) ஒன்று வாங்குவதே சரி. அதன் அவுட் பேலன்ஸ்டாக இருந்தால் நேராக மிக்சருக்குப் போகலாம். விண்டோஸ் என்றால் அசியோ டிரைவர் (ஒலியைத் தாமதமின்றி அனுப்ப உதவும் மென்பொருள்) போடுங்கள், இல்லாவிட்டால் கட்டைக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி விழும். பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்கை, 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளாக வைத்தால் அதனால் வரும் தாமதம் 2.7 மில்லிவினாடி. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் ஒலி காதுக்கு வர ஆகும் நேரமும் ஏறக்குறைய அதே. 512 வைத்தால் 10 மில்லிவினாடியைத் தாண்டும். வேகமான சங்கதிகளில் விரலுக்கு அது உறுத்தும். 128-ல் பட்பட் என்று வெடித்தால் 256-க்குப் போங்கள்.

கேள்வி: வால்யூம் எங்கே எவ்வளவு வைப்பது?

பதில்: கீபோர்டில் முக்கால், லேப்டாப்பில் 80 சதவீதம். இருப்பதிலேயே சத்தமான டோனை, இருப்பதிலேயே அழுத்தி வாசியுங்கள். சிவப்பு விளக்கு எரியாதபடி மிக்சர்காரர் கெயின் (உள்ளே வரும் சிக்னலின் அளவு) வைப்பார். சோதனையில் மெதுவாக வாசித்துவிட்டு மேடையில் அழுத்தினால் அவர் என்ன செய்ய முடியும்? அதற்குப் பிறகு உங்கள் பக்கத்து வால்யூமைத் தொடாதீர்கள். உங்கள் சத்தம் உங்களுக்குப் போதவில்லை என்றால் மேடையில் உங்களைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டு நடுவில் லேப்டாப்பில் ‘டிங்’ என்று செய்தி வந்து மானம் போனது. எப்படித் தவிர்ப்பது?

பதில்: ஏரோபிளேன் மோடு. ஸ்லீப் ஆகாதபடி அமைப்பு. சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். யூஎஸ்பி வயரை மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மிக்சர்காரர் உங்கள் சேனல்களை மியூட் செய்துவிட்டதாகக் கை காட்டிய பிறகே வயரைப் பிடுங்குங்கள்.