ஒரே இரவில் 31 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்கு: டாலஸில் இலையுதிர்காலக் குளிர் முகப்பு

கேள்வி: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் அருகே பிளேனோவில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து வந்த என் பெற்றோர் அக்டோபர் முழுவதும் எங்களுடன் இருப்பார்கள். வியாழக்கிழமை பகலில் 31 டிகிரி செல்சியஸ், இரவில் பலத்த இடிமழை, வெள்ளி காலையில் 9 டிகிரி என்று கைப்பேசிச் செயலி காட்டுகிறது. “ஒரு மழைக்கா இவ்வளவு குளிர்?” என்று அப்பா நம்ப மறுக்கிறார். சனிக்கிழமை மதியம் பூங்காவில் விருந்து வைத்திருக்கிறோம். அதைத் தள்ளிப்போட வேண்டுமா? வேறு என்ன முன்னேற்பாடு தேவை?

பதில்: உங்கள் அப்பாவின் சந்தேகம் நியாயமானதே. மதுரையில் கோடை இடிமழை பெய்தால், மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று சற்று நேரம் வெக்கையைத் தணிக்கும். ஆனால் ஊரைச் சூழ்ந்திருக்கும் காற்று மாறாததால் மறுநாள் பழைய புழுக்கம் திரும்பிவிடும். டாலஸில் வியாழன் இரவு நடக்கப்போவது வேறு. ஊரின் மேலிருக்கும் காற்று முழுவதையும் தள்ளிவிட்டு, கனடாச் சமவெளியிலிருந்து கிளம்பிய வறண்ட, கனமான காற்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவ்விரு காற்றுகளும் சந்திக்கும் எல்லையைத்தான் குளிர் முகப்பு, அதாவது கோல்டு ஃப்ரண்ட், என்கிறார்கள். முதல் உலகப்போரின் போர்முனைகளை மனத்தில் வைத்து நார்வே நாட்டு வானிலையாளர்கள் இட்ட பெயர் அது.

மேற்கே ராக்கி மலைத்தொடர் வடக்குத் தெற்காக ஓடுவதால் வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு அது தடையாவதில்லை. வழிநடத்தும் சுவராகவே அமைகிறது. டெக்சஸுக்கும் வடதுருவத்துக்கும் இடையே ஒரு முள்கம்பி வேலிதான் இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் கேலியாகச் சொல்வது இதனால்தான். 1911 நவம்பர் 11 அன்று பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவின் தலைநகரில் 28 டிகிரி வரை ஏறிய வெப்பம், அன்று நள்ளிரவுக்குள் உறைநிலைக்குக் கீழே 8 டிகிரிக்கு இறங்கியது. அந்தத் தேதிக்கு அந்நகரில் பதிவான மிக அதிக வெப்பநிலை, மிகக் குறைந்த வெப்பநிலை இரண்டும் அந்த ஒரே நாளில் வந்தவை.

இடிமழையை எழுப்புவதும் இந்தக் குளிர்காற்றுதான். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பகலெல்லாம் தரையோடு தேங்கியிருக்க, சில ஆயிரம் அடி உயரத்தில் மெக்சிகோ பீடபூமியின் சூடான வறண்ட காற்று பானைமேல் வைத்த மூடியைப்போல அதை அமுக்கிவைத்திருக்கும். குளிர்காற்று ஆப்புபோல அடியில் நுழைந்து ஈரக்காற்றை மேலே தூக்கும்போது அந்த மூடி உடைந்து, ஒரே வரிசையாக இடிமேகங்கள் எழும்புகின்றன. வடமேற்கு வானின் அடியில் கருநீலப் பலகைபோல ஒரு மேகம் கிடையாகத் தெரிந்து, அதுவரை வீசிய தெற்குக் காற்று சட்டென்று அடங்கினால், அடுத்த சில நிமிடங்களில் குளிர்ந்த சூறைக்காற்று எதிர்த்திசையிலிருந்து வந்து மோதும். அப்பாவை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க விடாதீர்கள். இடிச்சத்தம் காதில் விழுகிறதென்றால் மின்னல் தாக்கக்கூடிய தொலைவில் இருக்கிறீர்கள் என்று பொருள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வீட்டுக்குள் இருப்பதே சரி.

செயலியின் நாள்வாரிப் படத்தை மட்டும் நம்பாமல், மணிவாரிப் பட்டியலில் காற்றின் திசை தெற்கிலிருந்து வடமேற்குக்கு எப்போது மாறுகிறது என்று பாருங்கள். முகப்பு உங்கள் ஊரைக் கடப்பது அந்த நேரத்தில்தான். பெரும்பாலும் ஆபத்தும் அதற்கு முன்பின்னான இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வானிலை எச்சரிக்கைகளில் வாட்ச் என்றால் புயலுக்கான சூழல் கனிந்திருக்கிறது, செய்தியைக் கவனித்துக்கொண்டிருங்கள் என்று பொருள். வார்னிங் என்றால் புயல் உங்கள் பகுதியை நோக்கி வந்துவிட்டது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று பொருள். இலையுதிர்காலத்தில் சூறாவளி, அதாவது டொர்னாடோ என்னும் சுழல்காற்று, வராது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். 2019 அக்டோபர் 20 இரவு வடக்கு டாலஸை மணிக்கு 140 மைல் வேகக் காற்றுடன் ஒரு சூறாவளி பிளந்து சென்றது. உயிரிழப்பு இல்லாமல் போனது பெரும் பேறு. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது என்பதால், கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத குளோசெட் எனும் துணி அறையையோ குளியலறையையோ இன்றே தேர்ந்தெடுத்து, பெற்றோருக்கு ஒருமுறை காட்டிவையுங்கள். இரவில் கைப்பேசியின் அவசர எச்சரிக்கை ஒலியை அணைத்துவைக்காதீர்கள். ஆலங்கட்டி விழ வாய்ப்புண்டு, காரை கராஜுக்குள் விடுங்கள்.

விருந்தைத் தள்ளிப்போட இப்போதைக்குக் காரணம் இல்லை. முகப்பு தடையின்றித் தெற்கே நகர்ந்து வளைகுடாவைத் தாண்டிவிட்டால், சனிக்கிழமை மதியம் தெளிந்த வானமும் இதமான வெயிலும் இருக்கும். டெக்சஸில் ஆண்டு முழுவதிலும் பூங்காவுக்குப் போக அதைவிட நல்ல நாள் அரிது என்பேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சில சமயம் முகப்பு பாதிவழியில் தேங்கி நின்று இரண்டு மூன்று நாள் மழையை இழுத்துவைக்கும். ஆகவே புதன் மாலை வானிலை அறிக்கையில் முகப்பு தேங்கும் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் கூரையுள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

வீட்டில் ஹீட்டரைப் புதன்கிழமையே ஒரு மணி நேரம் ஓட்டிப்பாருங்கள். கோடை முழுவதும் படிந்த தூசி கருகும் வாடை முதல் சில நிமிடம் வருவது இயல்பு; அதற்குமேல் நீடித்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அது எரிவாயு ஹீட்டராக இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்பதையும் சோதியுங்கள். பெற்றோருக்கு ஒரே தடித்த கோட்டைவிட, பருத்தி உள்ளாடைமேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுவது உதவும். மதியம் வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். குளிரில் இரத்த அழுத்தம் ஏறக்கூடும் என்பதால், அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் விடியற்கால நடையைப் பத்து மணிக்குத் தள்ளிவைப்பது நல்லது. காற்றின் ஈரம் ஒரே இரவில் சரிவதால் உதடும் குதிகாலும் வெடிக்கும், தேங்காய் எண்ணெய் கைவசம் இருக்கட்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும் என்ற துணிவில் சொல்கிறேன். மிகக் குறைந்த வெப்பநிலை முகப்பு கடந்த முதல் இரவில்தான் வரும் என்பதில்லை. வியாழன் இரவு வீசும் வடகாற்று குளிர் தரையில் தேங்க விடாது; வெள்ளி இரவு காற்று அடங்கி வானமும் தெளிந்திருந்தால் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறி, சனி விடியல் இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். தொட்டியை வெள்ளி மாலைக்குள் உள்ளே எடுத்துவைத்து, தெற்கு ஜன்னலருகே வெயில் படும்படி நிறுத்துங்கள். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். இலை கொஞ்சம் உதிர்ந்தால் பதற வேண்டாம், இடம் மாறியதற்கு அந்தச் செடி அப்படித்தான் கோபித்துக்கொள்ளும்.