ஓவர்லோடு ரிலே (அளவுக்கு மேல் கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்) இருந்தும் மோட்டார் எரிவது ஏன்?

ஒரு முக்கியக் காரணம், சூடு ஆறுவதற்குள் மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆவது. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைவிட 5 முதல் 8 மடங்கு கரண்ட் இழுக்கும். 6 மடங்கு என்றால் மோட்டார் காயிலில் சூடு 36 (6 × 6) மடங்கு; விசிறியோ அப்போது முழு வேகம் எடுத்திருக்காது. காயில் கம்பி மேலுள்ள வார்னிஷ் கருகிச் சுற்றுகள் ஷார்ட் ஆகிவிடும். ரிலேயின் பைமெட்டல் (சூட்டில் வளைந்து மோட்டாரை நிறுத்தும் தகடு) மோட்டார் காயிலைவிடச் சீக்கிரம் ஆறிவிடுவதால் ஆட்டோ ரீசெட் (தானாக மறுபடி ஆன் ஆவது) ஆபத்து, மேனுவலில் வையுங்கள்.

கம்ப்ரசர் என்றால் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) காயிலுக்குத் தொடராக ஆன்-டிலே டைமர் (சப்ளை வந்து குறித்த நேரம் கழித்தே ஆன் ஆவது) போட்டு 3 முதல் 5 நிமிடம் வையுங்கள். அதற்குள் கேஸ் அழுத்தம் சமமாகும். டைமருக்கு சப்ளை தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். அப்போதுதான் கரண்ட் போய் வந்தாலும், தெர்மோஸ்டாட் துள்ளினாலும் நேரம் முதலிலிருந்து ஓடும்.

பிரஷர் பம்ப் குழாயைத் திறக்கும்போதெல்லாம் கிளம்பினால் டைமர் உதவாது. பெரும்பாலும் பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, பம்ப் ஆன் ஆகும் அழுத்தத்துக்கு 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கீழே இருக்கும்படி டேங்கில் காற்றடியுங்கள்.