உடுப்பும் எதிர்ப்பும்: வாசகியர் கேள்வி–பதில்

பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25க்கு எங்கள் மகளிர் குழுவில் இருபது பேரும் ஒரே நிறத்தில் நிற்கப்போகிறோம். ஒருத்தி ஐ.நா.வின் செம்மஞ்சள் என்கிறாள். இன்னொருத்தி ஆர்ஜென்டீனாப் பெண்களைப் போலப் பச்சைத் துண்டு என்கிறாள். எது நல்லது?
– வாசகி, வெள்ளவத்தை

இரண்டுமே கொழும்பில் சிக்கல். செம்மஞ்சளை வீதியில் பார்ப்பவர் முதலில் காவி என்றுதான் நினைப்பார். பச்சைத் துண்டு ஆர்ஜென்டீனாவில் கருக்கலைப்பு உரிமைக்கான அடையாளம்; 2020 டிசம்பரில் சட்டம் நிறைவேறும்வரை பெண்கள் அதைக் கழுத்திலும் பையிலும் கட்டித் திரிந்தார்கள். லிப்டன் சுற்றுவட்டத்தில் அதையே கட்டினால் யானைக் கட்சி (ஐ.தே.க.) ஊர்வலமா என்று கேட்பார்கள். நீலம், சிவப்பு, குரக்கன் நிறம் எல்லாவற்றுக்கும் இங்கே சொந்தக்காரர் உண்டு. மிஞ்சுவது ஊதா. 1908இல் பிரித்தானியாவில் வாக்குரிமை கேட்ட பெண்கள் ஊதா, வெள்ளை, பச்சை மூன்றையும் தங்கள் நிறங்களாக எடுத்தார்கள். நல்ல கத்தரிப்பூ நிறமாகப் பார்த்து வாங்குங்கள். இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்தால் திசைகாட்டிக்காரரோடு (தேசிய மக்கள் சக்தி) குழம்பும்.

முழு உடுப்பு வேண்டாம், கழுத்துத் துண்டு போதும். வேலைக்குப் போகிறவர்கள் பையில் வைத்துக்கொண்டு வந்து கட்டலாம். புறக்கோட்டை கெய்சர் வீதியில் 36 அங்குல அகலப் பொப்பிளின் 10 மீற்றர் எடுங்கள். முதலில் கழுவிக் காயவிட்டு, பிறகு துணியின் அகலத்துக்கே சதுரம் சதுரமாக வெட்டி மூலைக்கு மூலை பிளந்தால், ஒரு சதுரத்தில் இரண்டு துண்டு. நீண்ட பக்கம் ஏறக்குறைய 125 சென்ரிமீற்றர் வரும். முடிச்சுப் போட அது தாராளம்.

ஊதாச் சாயம் இறங்கக்கூடியது. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். பச்சைத் தண்ணீரில் தெளியும்வரை அலசிவிட்டு, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தத் துணி நவம்பர் மழைக்கு உதவாது. வெள்ளைச் சட்டையெல்லாம் பாழாகும். தைக்கும்போது தொல்லை தருவது மூலைக்கு மூலை வெட்டிய பக்கம். அது இழுபடும் விளிம்பு என்பதால் அப்படியே மடித்து மெஷினில் ஓட்டினால் அலை அலையாக வரும். வெட்டிய கையோடு, விளிம்பிலிருந்து அரைச் சென்ரிமீற்றர் உள்ளே ஒற்றைத் தையல் போட்டுவிட்டு, பிறகு மடித்துத் தையுங்கள். துணி தானாக நகரட்டும், நீங்கள் இழுக்க வேண்டாம்.

‘பஸ்ஸில் பெண்களுக்குத் தொந்தரவு செய்வதை நிறுத்துங்கள்’ என்று ரீ-சேர்ட்டில் மூன்று மொழியிலும் அச்சடிக்கக் கொடுத்தோம். தமிழ் வரியில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பாதிப் புள்ளிகளைக் காணவில்லை. யார் பிழை?
– வாசகி, கொட்டாஞ்சேனை

இரண்டும் வேறு வேறு பிழை. கொம்பு இடம் மாறியது கணினியில். நீங்கள் போனில் அடித்து அனுப்பியது யூனிகோட். பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. யூனிகோட்டைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் சிதறும். எழுத்தை வரைகோடாக மாற்றிய பீடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள், சரியான வடிவத்தின் படமும் கூடவே போகட்டும். அச்சு வலைச் சட்டகம் தயாரிக்கும் முன் கடதாசியில் ஒரு பிரதி கேட்டு, தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

புள்ளி தொலைந்தது அச்சில். தண்ணீர் மை நம்மூர் வெக்கையில் வலையின் சிறு துளைகளில் காய்ந்து அடைத்துவிடும். தடித்த எழுத்தாகத் தெரிந்து, புள்ளியின் விட்டம் 2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். 43ரீ வலை (சென்ரிமீற்றருக்கு 43 இழை) போதும். அதைவிட நெருக்கமானது சீக்கிரம் அடைக்கும். ஒரு சட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் வலை மீது மையை இழுத்துப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் எங்களைக் கேட்டால், வாசகமே நீளம். 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது பதாகைக்காரர் கணக்கு. வீதிக்கு அந்தப் பக்கம் 20 அடியில் நிற்பவர் படிக்க 2 அங்குலம் வேண்டும். முதுகில் ஒரு வரிக்கு ஐந்தாறு எழுத்துக்கு மேல் பிடிக்காது. ‘தொடாதே’ என்று பெரிதாகப் போட்டு, சிங்களத்தையும் அதே உயரத்தில் கீழே வையுங்கள். அடியில் சிறிதாக: ‘தண்டனைச் சட்டக்கோவை 345: 5 வருடம் வரை சிறை’. பஸ் வரிசையில் பின்னால் நிற்பவர் கட்டாயம் வாசிப்பார்.

‘நீ என்ன உடுத்தியிருந்தாய்?’ கண்காட்சிக்குப் பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களிடம் அன்றைய உடுப்பைக் கேட்கலாமா?
– மாணவியர் குழு, கொழும்பு 7

கேட்கவே வேண்டாம். 2014இல் அமெரிக்காவின் ஆர்கன்சோ பல்கலைக்கழகத்தில் இது தொடங்கியபோதும் விபரத்தைக் கேட்டு, அதேமாதிரி உடுப்பைத்தான் தேடி வைத்தார்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஊர், மாதம், உறவுமுறை எதுவும் அட்டையில் வரக்கூடாது. பாடசாலைச் சீருடை என்றால் ரை, பட்ஜ் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது சட்டப்படியும் குற்றம். பொம்மைக்கு உடுத்தாமல் கொழுவியில் தொங்கவிடுங்கள். பொம்மை வைத்தால் பார்ப்பவர் கண் உடம்பை அளக்கப் போய்விடும்.

யாராவது அண்மைச் சம்பவத்தின் உடுப்பைக் கொண்டுவந்தால் அது சாட்சியம். கழுவாமல், உதறாமல், ஒவ்வொன்றையும் தனிக் கடதாசிப் பையில் போடச் சொல்லுங்கள். பொலித்தீனில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், தடயம் கெடும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938 இலக்கத்தை வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பாலியல் வன்முறைக்கு எதிரான ‘டெனிம் நாள்’ என்று ஏப்ரல் கடைசிப் புதன்கிழமை ஜீன்ஸ் போட்டு வந்தால் எதிர்ப்பாகுமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

இத்தாலியில் ஆனது. இறுக்கமான ஜீன்ஸை அணிந்தவர் உதவியில்லாமல் கழற்ற முடியாது என்று சொல்லி உயர்நீதிமன்றம் ஒரு வல்லுறவுத் தீர்ப்பைத் தள்ளியதற்கு எதிராக, 1999இல் பெண் எம்.பி.க்கள் ஜீன்ஸோடு பாராளுமன்றம் போனார்கள். கொழும்பு அலுவலகத்தில் ஜீன்ஸ் போட்டால் வெள்ளிக்கிழமை என்று நினைத்துவிட்டாள் என்பார்கள். இந்தக் கதையை நாலு வரியில் அட்டையில் எழுதி, இடுப்புப் பட்டியில் பின்பண்ணிக்கொண்டு போங்கள்.