மதிய வகுப்பில் தூங்கும் நர்சிங் மாணவிகளை எப்படி எழுப்புவது?

கேள்வி: நர்சிங் கல்லூரியில் டியூட்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மதிய வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். பாடத்தைக் கொஞ்சம் சுவையாக நடத்த வகுப்பில் என்னென்ன செய்யலாம்?

அவர்கள் தூங்குவதற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. காலை 7 மணிக்கு வார்டு போஸ்டிங், மதியம் வரை நின்றபடியே வேலை, அப்புறம் ஹாஸ்டல் சாம்பார் சாதம். இதற்கு மேல் 2 மணிக்குப் பாடம் என்றால் யாருக்குத்தான் கண் சொக்காது? நானும் அப்படித் தூங்கியவள்தான். 8 வருடம் வார்டில் இருந்துவிட்டு, இப்போது 11 வருடமாகப் பாடம் எடுக்கிறேன்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். ‘கிரியேட்டிவ்’ என்ற பெயரில் நம் கல்லூரிகளில் நடப்பதில் பாதி வெறும் அலங்காரம். சார்ட் ஒட்டுவதும் தெர்மாகோலில் சிறுநீரகம் செய்வதும் ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்ட உதவும், அவ்வளவுதான். எதை வகுப்புக்குக் கொண்டுபோனாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதில் மாணவி தப்புச் செய்ய இடம் இருக்கிறதா, செய்த தப்பு அவள் கண்ணுக்கே தெரியுமா?

கை கழுவும் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். நான் வெள்ளைக் கையுறை மாட்டச் சொல்லி, கண்ணைக் கட்டி, உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் நீல போஸ்டர் கலரை ஊற்றி, “வார்டில் கழுவுற மாதிரியே தேய்” என்பேன். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதி வகுப்பு 20 விநாடியிலேயே ‘முடிஞ்சுது மிஸ்’ என்றுவிடும். கட்டை அவிழ்த்தால் பெருவிரலும் விரல் நுனிகளும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். ரத்தக் குழாயில் போடும் கேனுலாவைத் தொடுவது அந்த நுனிகள்தானே! இதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘தப்புக் கட்டில்’. லேபில் ஒரு கட்டிலில் பொம்மையைப் படுக்க வைத்து, வேண்டுமென்றே 10 தப்புகளைச் செய்து வைப்பேன். யூரின் பேக் தரையில் கிடக்கும். பக்கத் தடுப்பு இறங்கியிருக்கும். கையில் வேறு நோயாளியின் பெயர்ப் பட்டை. கூர்மையான கழிவுக்கான வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டிய ஊசி மஞ்சள் கழிவுப் பையில் இருக்கும். நான்கு நான்கு பேராக உள்ளே போய் 5 நிமிடத்தில் கண்டுபிடித்து எழுத வேண்டும். பேசக் கூடாது.

எல்லாக் குழுவும் தவறவிடுவது ஒன்று உண்டு. மேஜையில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பியும் பக்கத்தில் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சும் வைத்திருப்பேன். நம் ஊரில் 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. “சரி, 20 யூனிட் ஆர்டர். இதிலேயே எடு” என்று காலிக் குப்பியில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பேன். 20 கோடு வரை இழுப்பார்கள். அந்தச் சிரிஞ்சில் 20 கோடு என்பது 0.2 மில்லி, கணக்குப் போட்டால் 8 யூனிட்தான் இருக்கும். மாற்றிச் செய்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை, அதாவது அரை மில்லி எடுத்தால், 50 யூனிட் போய்விடும். அந்த 50-ஐ போர்டில் எழுதும்போது வகுப்பு அடங்கிப்போகும். ஒரு தடவை 11-வதாக ஒரு தப்பைக் கண்டுபிடித்தார்கள்: கட்டில் சக்கரத்தை நான் லாக் செய்யவே இல்லை!

பெரிய மேனிக்கின் (ஆளுயரப் பயிற்சிப் பொம்மை) இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு 1911-ல் வந்த ‘மிஸஸ் சேஸ்’ என்ற பயிற்சிப் பொம்மையைச் செய்தவரே குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணிதான். சில விஷயங்களுக்குப் பொம்மையும் வேண்டாம். சாப்பாடு ஊட்டும் பாடத்துக்கு ஒருத்தியைப் படுக்க வைத்து, கண்ணைக் கட்டி, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, தோழியை ரசம் சாதம் ஊட்டச் சொல்வேன். “முதல் வாய் முழுங்கறதுக்குள்ள அடுத்த ஸ்பூன் வந்துடுச்சு மிஸ், பயமா இருந்துச்சு” என்றாள் ஒருத்தி. ஊட்டியவளோ, சீக்கிரம் முடித்தது திறமை என்று நினைத்திருந்தாள். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ஊட்டியது 10 நிமிடம் என்றால் பேச்சுக்கு 20 நிமிடம் கொடுங்கள். அந்தப் பேச்சைத்தான் நான் பாடம் என்பேன்.

சறுக்கியதும் உண்டு. துக்கச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் நடித்துக் காட்டச் சொன்னேன். மகளாக நடித்த பெண் நிஜமாகவே அழத் தொடங்கிவிட்டாள். இரண்டு மாதம் முன்புதான் அவளுடைய அப்பா ஐசியுவில் இறந்திருந்தார். எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இப்போதெல்லாம் என்ன காட்சி என்பதை முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்பவர்கள் பார்வையாளராக இருக்கலாம், காரணம் கேட்பதில்லை.

குறுக்கெழுத்து, சாக்லேட் வினாடி வினா எல்லாம் ஓரிரு முறைக்குச் சரி. அதற்கு மேல் சாக்லேட்தான் நினைவிருக்கும்.

நீங்கள் கை கழுவும் பாடத்திலிருந்தே தொடங்கலாம், செலவு குறைவு. ஒன்று மட்டும், தண்ணீரில் போகிற கலராகப் பார்த்து வாங்குங்கள். நான் முதல் தடவை அவசரத்தில் ஃபேப்ரிக் பெயிண்ட் வாங்கி வந்துவிட்டேன். அன்று வகுப்பில் இருந்தது 38 வெள்ளை யூனிஃபார்ம்.